வண்டிக்குள் உட்கார்ந்து ஐஸ் பாதையில் சறுக்கி இறங்கும் பாப்ஸ்லேவுக்கு 1930லேயே உலகப் போட்டி வந்துவிட்டது. சின்னச் சறுக்கு வண்டியில் குப்புறப் படுத்து இறங்கும் ஸ்கெலிட்டனுக்கு மட்டும் ஏன் 1982 வரை ஆனது?

சுருக்கமாகச் சொன்னால், ஓட இடம் இல்லை.

1923இல் பாரிஸில் தொடங்கிய ஒரே சம்மேளனம்தான் இரண்டுக்கும். ஆனால் பாப்ஸ்லேவுக்குப் பல நாடுகளில் பாதை இருந்தது. நால்வர் வண்டிக்கான முதல் உலகப் போட்டி 1930இல் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரூ அருகே கோ (Caux) என்ற ஊரில் நடந்தது. மறு ஆண்டு இருவர் வண்டிக்கு ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில். ஸ்கெலிட்டனுக்கோ சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸை விட்டால் வேறு கதி இல்லை.

அங்கேயும் அவர்கள் இறங்கியது பாப்ஸ்லே பாதையில் அல்ல, கிரெஸ்டா ரன் என்ற தனிப் பாதையில். 1885இல் உருவானது, இன்றும் ஒவ்வொரு குளிர்காலமும் பனியைக் கொண்டே புதிதாகக் கட்டுகிறார்கள். குப்புறப் படுத்து, தலையை முன்னே நீட்டிக்கொண்டு இறங்க வேண்டும். பூட்ஸ் நுனியில் இரும்புப் பற்கள். பிரேக் பிடிக்க அது ஒன்றுதான் துணை. ஷட்டில்காக் என்ற வளைவில் வேகத்தைக் குறைக்காமல் போனால், பாதையை விட்டே பறந்து வைக்கோலும் பனியும் கலந்த குவியலில் விழ வேண்டியதுதான். விழுந்தவர்களுக்கென்றே ஒரு கிளப், அதற்கென்று ஒரு டை வேறு! இந்த வித்தையை எடுத்துக்கொண்டு வேறு எந்த ஊருக்குப் போவது?

அதனால்தான் ஒலிம்பிக் செயின்ட் மோரிட்ஸுக்கு வந்த 1928, 1948 ஆகிய இரண்டு முறை மட்டும் ஸ்கெலிட்டனுக்கு இடம் கிடைத்தது. இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஆள் அமெரிக்காவின் ஜாக் ஹீட்டன். 1928இல் அண்ணன் ஜெனிசன் தங்கம், இவர் வெள்ளி. நடுவில் ஒரு உலகப் போரே வந்து போனது. 1948இல் திரும்பி வந்தார், மறுபடியும் வெள்ளி! தங்கத்தை எடுத்தது இத்தாலியின் நினோ பிப்பியா. அவர் அதே ஊரில் காய்கறி, பழ வியாபாரம் செய்தவர். உள்ளூர்க்காரரை எப்படி ஜெயிப்பது, பாவம்.

பாப்ஸ்லேவுக்கும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1952 ஓஸ்லோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் நால்வர் அணி, ஆட்கள் மட்டுமே 470 கிலோவுக்கு மேல்! தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள், அப்புறம்தான் எடைக்கு வரம்பு வந்தது. 1960இல் அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் வரப்போவதே சில நாடுகள்தான், அதற்குப் பாதை கட்டுவானேன் என்று ஒலிம்பிக்கில் பாப்ஸ்லேவையே விட்டுவிட்டார்கள்.

நிலைமையை மாற்றியது ஜெர்மனியின் கோனிக்ஸேயில் 1969இல் தயாரான பாதை. கான்கிரீட்டுக்குள் குழாய் ஓட்டி ஐஸை உறைய வைக்கும் முதல் பாதை அது. வெயில் அடித்தாலும் ஐஸ் கெட்டியாக நிற்கும். கிட்டத்தட்ட அதே நேரத்தில் பாப்ஸ்லே பாதையில் ஓடக்கூடிய ஸ்கெலிட்டன் வண்டியும் வந்தது. இதில் திருப்ப வேண்டுமென்றால் தோளாலும் முழங்காலாலும் லேசாக அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பாப்ஸ்லே பாதை இருக்கும் ஊரெல்லாம் இனி ஸ்கெலிட்டனுக்கும் ஊர் என்றானது. 1982இல் முதல் உலகப் போட்டி, அதுவும் செயின்ட் மோரிட்ஸிலேயே. அடுத்தது 1989இல்தான், அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது.

ஒலிம்பிக்குக்குத் திரும்ப 2002 வரை ஆனது. சால்ட் லேக் சிட்டியில் தங்கம் வென்ற ஜிம் ஷே, 1999இலேயே உலகச் சாம்பியன். 1932 ஒலிம்பிக்கில் ஸ்கேட்டிங்கில் இரண்டு தங்கம் வாங்கிய அவருடைய தாத்தா, போட்டிக்குச் சில வாரம் முன்பு விபத்தில் இறந்திருந்தார். தாத்தாவின் படத்தை ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடிய ஜிம் ஜெயித்தது 0.05 வினாடியில்.

பெண்களுக்கு இரண்டு விளையாட்டிலும் உலகப் போட்டி 2000இல் தொடங்கியது: பாப்ஸ்லே ஜெர்மனியின் வின்டர்பெர்க்கில், ஸ்கெலிட்டன் ஆஸ்திரியாவின் இக்ல்ஸில். ஆனால் ஸ்கெலிட்டன் வளர்ந்த கிரெஸ்டா ரன்னில் 1929இல் பெண்களுக்குப் போட்ட தடை அப்போதும் அப்படியே இருந்தது. 2018இல் அந்தப் பாதையை நடத்தும் கிளப்பின் உறுப்பினர்கள் வாக்களித்துத்தான் அதை நீக்கினார்கள்.