அம்பர் எண்ணெயில் தார் வாடை வருகிறதே, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: வீட்டில் இயற்கை அத்தர் கலந்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். வேலூர் லாங்கு பஜாரில் 'அம்பர்' என்று கேட்டு வாங்கும் அத்தர் வெல்லப்பாகு மாதிரி இனிப்பு வாசனையாக இருக்கும். அதன் அசல் சரக்கே வேண்டும் என்று ஆன்லைனில் 'புதைபடிவ அம்பர் எண்ணெய்' 10 மில்லி 650 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கரும்பழுப்பு நிறம். மூடியைத் திறந்தால் ரோடு போடும் இடத்தில் நிற்பது போல இருக்கிறது. திருப்பி அனுப்பிவிடலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்திருப்பது அசல்தான் போலிருக்கிறது. லாங்கு பஜார்க்காரரும் உங்களை ஏமாற்றவில்லை. இரண்டும் வேறு வேறு பொருள்கள், பெயர் மட்டும் ஒன்று.

அம்பர் கல் என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்கடியில் இறுகிக் கல்லாகிப் போனது. பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது சுமார் 4 கோடி ஆண்டு பழையது. அந்தக் கல்லை மூக்கில் வைத்து முகர்ந்தால் வாசனை என்று எதுவும் பெரிதாக வராது. மல்லிகை, சந்தனம் மாதிரி நீராவியில் வடித்தும் எடுக்க முடியாது. மூடிய கலத்தில் போட்டுத் தண்ணீர் சேர்க்காமல் கடுஞ்சூட்டில் வைத்தால் பிசின் சிதைந்து புகைந்து, அந்தப் புகை குளிர்ந்து எண்ணெயாகச் சொட்டும். நம் சித்த வைத்தியர்கள் பானையில் சரக்கை அடைத்து, மேலே எருவரட்டியை அடுக்கி எரித்துக் குழித்தைலம் இறக்குவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. அப்படி இறக்கியதில் புகையும் தாரும் மணக்காமல் வேறென்ன மணக்கும்?

கடையில் 'அம்பர்' என்று விற்கும் இனிப்பு வாசனையில் அந்தக் கல்லுக்குப் பங்கே இல்லை. அது ஒரு கலவை. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி ஒன்றின் பிசினான லாப்டானம், சாம்பிராணி, வனிலா, இவைதான் அதன் முதுகெலும்பு. 1874-இல் ஜெர்மனியில் வனிலின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்தக் கலவை உலகம் முழுக்கப் பரவியது. பொன்னிறமும் கதகதப்பும் தோன்றும்படி இருந்ததால் அம்பர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. சின்ன டப்பாவில் 'அம்பர் ரெசின்' என்று மெழுகுக் கட்டி விற்கிறார்கள், அதுவும் இதே கதைதான். பிசின்களைத் தேன்மெழுகில் குழைத்தது. கல்லைப் பொடித்தது என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

ஆக, புகார் செய்ய வேண்டிய நிலை உங்களுடையதற்கு நேர் எதிரானது. 'புதைபடிவ அம்பர், நூறு சதவீதம் தூய எண்ணெய்' என்று லேபிள் ஒட்டிய புட்டியிலிருந்து வனிலா ஐஸ்கிரீம் வாசனை வந்தால்தான் பணம் போயிற்று என்று அர்த்தம். வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாள் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு விட்டுத் தனியாக வையுங்கள். முதலில் தாரும் லேசான கற்பூர நெடியும் அடிக்கும். சில மணி நேரம் கழித்து முகர்ந்தால் புகை தணிந்து, பதனிட்ட தோலின் மணம் மேலே வரும். உங்கள் ஊரிலிருந்து பேரணாம்பட்டு எவ்வளவு தூரம்? அங்கே டேனரி வாசலில் அல்ல, ஆவாரம்பட்டையில் பதனிட்டு முடித்து அடுக்கிய தோல் குடோனில் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்த மணம் புரியும். ரஷ்யத் தோலுக்கு அக்காலத்தில் இருந்த புகழ்பெற்ற மணமும் பிர்ச் மரப்பட்டையிலிருந்து இதே மாதிரி இறக்கிய தாரால் வந்ததுதான்.

பாதுகாப்பு விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. எதையும் கருக்கி இறக்கும் எண்ணெயில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் கலந்து வர வாய்ப்பு உண்டு. பிர்ச் தாரைச் சுத்திகரிக்காமல் வாசனைப் பொருளில் சேர்க்கக் கூடாது என்று சர்வதேச நறுமணச் சங்கமான இஃப்ரா விதியே வைத்திருக்கிறது. ஆகவே விற்றவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது மறுவடிப்பு செய்து சுத்தப்படுத்தியதா? இந்தத் தொகுதிக்கு (பேட்ச்) ஆய்வக அறிக்கை உண்டா? 'இயற்கையானதுதான் மேடம், பயப்படாதீங்க' என்று மட்டும் பதில் வந்தால் அந்தப் புட்டியை உடம்பில் பூசும் எதிலும் சேர்க்காதீர்கள்.

அறிக்கை சரியாக இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் நேரடியாக வேண்டாம். ஜோஜோபா எண்ணெய் 99 சொட்டில் இதை 1 சொட்டு கலந்து தனிப் புட்டியில் வையுங்கள். அந்த நீர்த்த எண்ணெயிலிருந்துதான் அத்தரில் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். வெட்டிவேர், சந்தனம், சாம்பிராணி இவற்றோடு நன்றாகச் சேரும், அடியில் நின்று மணத்தைப் பிடித்து வைக்கும். மல்லிகையோடு போட்டால் பூக்கடையில் ஊதுவத்தி கருகின மாதிரி ஆகிவிடும் என்பது என் அனுபவம். நீங்கள் தேடிய அந்த இனிப்பு வேண்டுமானால் லாப்டானம், சாம்பிராணி, வனிலாச் சாறு வாங்கி நீங்களே கலந்து பாருங்கள். அதில் இந்த நீர்த்த எண்ணெய் இரண்டு சொட்டு விழுந்தால் வெறும் பாயசமாக இல்லாமல் கொஞ்சம் கம்பீரம் வரும். எதுவானாலும் முழங்கை மடிப்பில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. 'தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். காசு வாங்கிக்கொண்டு என்றால் கவனம். அத்தரும் சென்ட்டும் சட்டப்படி அழகு சாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி விற்பனைக்குத் தயாரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும்.

கேள்வி: நானும் ஆன்லைனில்தான் வாங்கினேன். எனக்கு வந்தது நிஜமாகவே இனிப்பு வாசனைதான்! விற்றவர் வடநாட்டில் இருக்கிறார், போன் எடுப்பதில்லை. 900 ரூபாய்க்காக எங்கே போய் அலைவது?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: எங்கும் அலைய வேண்டாம். புட்டி, லேபிள், பில், விளம்பரத்தில் 'புதைபடிவ அம்பர்' என்று போட்டிருந்த பக்கம், எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது மின்வணிக விதி. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பாதிப் புகார்களுக்கு அந்தக் கட்டத்திலேயே பணம் திரும்பி வருவதை நான் பார்க்கிறேன்.

அதற்கும் அசையாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், அதிகபட்ச விலை இல்லாமல் இருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள், அதுவே தனிக் குற்றம்.

கேள்வி: வளைகுடாவிலிருந்து வந்த மாமா அம்பர் தஸ்பீஹ் (ஜெபமாலை) ஒன்று கொடுத்தார். 'கஹ்ரமான்' (அரபியில் அம்பர்) அசல் என்றார். மணிகள் உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? உடைந்த மணிகளிலிருந்து எண்ணெய் எடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், மேல்விஷாரம்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: முடியாது, வீட்டில் முயற்சியும் செய்யாதீர்கள். அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும், தீயும் பிடிக்கும்.

முதல் கேள்விக்கு, கோர்ப்பிலிருந்து கழன்ற ஒரு மணியை எடுங்கள். கால் லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துப் போட்டால் அசல் அம்பர் மிதக்கும். பேக்லைட், அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் வகைகள் மூழ்கும். மிதந்ததாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இன்னும் முழுதாகக் கல்லாகாத இளம் பிசினான 'கோபால்' என்பதும் வேறு சில பிளாஸ்டிக்கும் மிதக்கும். துளைக்குள் மறைவான இடத்தில் அசிட்டோன் ஒரு சொட்டு வைத்துத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுத்தால் அம்பர் இல்லை. கம்பளியில் தேய்த்தால் காகிதத் துணுக்கை இழுக்கும் என்று சொல்வார்கள். இழுக்கும்தான், ஆனால் பிளாஸ்டிக் சீப்பும் இழுக்கும். மாமா காசு கொடுத்து வாங்கியதா, பரிசாக வந்ததா என்பது தெரியாமல் சோதனை முடிவை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: 'அசல் அம்பர் கட்டி, கிலோ கணக்கில் இருக்கிறது, அத்தர் வியாபாரிகளுக்கு மட்டும்' என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம். அவர் சொல்வது மூன்றாவது அம்பர். திமிங்கலத்தின் வயிற்றில் உருவாகும் மீனம்பர். எண்ணெய்த் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பெரும்பாலும் இப்படி அனுப்புகிறவர்கள் கையில் இருப்பது மெழுகுக் கட்டியாகத்தான் இருக்கும். முன்பணம் போனதும் எண்ணும் மாறிவிடும். போலியாக இருந்தால் பணம் போகும், அசலாக இருந்தால் நீங்கள் உள்ளே போவீர்கள். படங்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.