கிராபிக்ஸ் கார்டு எது வாங்கலாம்? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணா, முதல் முறையாக நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். கேம் விளையாட எந்தக் கார்டு நல்லது?

பதில்: தம்பி, முதலில் உங்கள் மானிட்டர் என்னவென்று பாருங்கள். 1920×1080 திரையில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 2560×1440 என்றால் 37 லட்சம். 4கே திரையில் 83 லட்சம், அதாவது முதல் திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் நிறம் கணக்கிடுவது கார்டின் வேலை. 60 ஹெர்ட்ஸ் 1080பி மானிட்டரில் பெரிய கார்டைப் போட்டால் அது நொடிக்கு 150 ஃப்ரேம் தயாரித்தாலும் திரை காட்டுவது 60தான். மானிட்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் நடுத்தரக் கார்டே தாராளம்.

கேள்வி: மெமரி அதிகம் இருந்தால் கார்டு வேகமாக ஓடுமா?

பதில்: ஓடாது. மெமரி என்பது இடம். இடம் போதாதபோதுதான் தொல்லை. வழிந்த டெக்ஸ்சர்கள் (கேமில் பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) மெயின் ரேமுக்குப் போய்த் திரும்பிவர வேண்டியிருப்பதால் கேம் திக்கித் திக்கி ஓடும். இன்று புதிதாக வாங்குபவர்களுக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாகச் சொல்வேன். 1440பி என்றால் 12 ஜிபியாவது பாருங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், ஒரே பெயரில் வரும் வேறு வேறு கார்டுகள். என்விடியாவின் ஜிடி 1030 கார்டு 2017இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதன் மெமரி வேகம் முன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஜிடிஎக்ஸ் 1060இல் 6 ஜிபி கார்டுக்கு 1280 கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்), 3 ஜிபி கார்டுக்கு 1152. வித்தியாசம் மெமரியில் மட்டும் என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என் மதர்போர்டு பிசிஐஇ 3.0. புதுக் கார்டு வேலை செய்யுமா சார்?

பதில்: செய்யும். பிசிஐஇ என்பது கார்டும் மதர்போர்டும் தரவு பரிமாறும் பாதை, 3.0 அதன் தலைமுறை. ஆனால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்றவற்றை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் அதற்கு 4 லேன்தான் (தடம்). 3.0 போர்டில் அந்தப் பாதையின் வேகமும் 4.0 போர்டில் இருப்பதில் பாதியாகிவிடும். மெமரியும் 4 ஜிபிதான் என்பதால் அடிக்கடி வழியும். வழியும்போதெல்லாம் அந்தக் குறுகலான பாதையில்தான் போய்வர வேண்டும்.

கேள்வி: 450 வாட்ஸ் பவர் சப்ளை போதுமா?

பதில்: கார்டைப் பொறுத்தது. மதர்போர்டு ஸ்லாட் 75 வாட்ஸ் வரை தரும், பவர் சப்ளையிலிருந்து வரும் 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் 450ஐ மறந்துவிடுங்கள். 16 பின் இணைப்பு உள்ள கார்டு என்றால், பிளக் முழுவதும் உள்ளே போய், விளிம்பில் இடைவெளி துளியும் தெரியாதபடி அழுத்துங்கள். 2022இல் சில ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அந்த இணைப்பு உருகியபோது, சரியாகச் செருகப்படாததை ஒரு காரணமாக என்விடியாவே சொன்னது. அப்புறம், கேபினெட்டுக்குள் ஸ்கேல் வைத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். முன்பக்க ஃபேனின் தடிமனைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் வேலை செய்ய?

பதில்: என்விடியா. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரிங்கில், என்விடியா கார்டுகளுக்கே உரிய ஆப்டிக்ஸ் தரும் வேகம் பெரிது.

கேள்வி: பழைய கார்டு வாங்கலாமா? கிரிப்டோ நாணய மைனிங்கில் ஓடியது என்கிறார்கள்.

பதில்: மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். ஃபேனும் தெர்மல் பேஸ்ட்டும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றிவிடலாம். மெமரி கெட்டிருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது. நான் ஒருமுறை டெஸ்க்டாப் தெளிவாகத் தெரிந்ததும் திருப்தியாகி ஒரு கார்டை வாங்கிவந்தேன். வீட்டில் கேம் ஓட்டிய பத்தாவது நிமிடம் திரை முழுக்கப் பச்சைச் சதுரங்கள். கண்ணெதிரே அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டிவிட்டேன் அண்ணா, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. புராசசர் இன்டெல் 12400எஃப்.

பதில்: எச்டிஎம்ஐ கேபிள் மதர்போர்டில் இருக்கிறதா பாருங்கள். எஃப் என்று முடியும் இன்டெல் புராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. அந்தப் போர்ட்டில் படம் வராது. சற்றுக் கீழே, கார்டிலேயே இருக்கும் போர்ட்டில் கேபிளை மாற்றிச் செருகுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டின் கொக்கி 'டக்' என்று பிடிக்கும்வரை மறுபடி அழுத்துங்கள்.