தரைத்தள வீட்டுக்கு ஐப்பசி மழை: எதை முதலில் செய்வது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், ஏழு வயதுப் பையன், இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார். மேல்தளத்தில் வீட்டு ஓனர். சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) பொது, மாடியில் எங்களுக்கென்று 1,000 லிட்டர் தொட்டி தனியாக உண்டு. 2023 மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பல நாள் கரண்ட் இல்லை. அரிசி, பருப்பு எல்லாம் இருந்தது. குடிக்கத் தண்ணீர்தான் இல்லை. இந்த முறை மழைக்கு முன்னால் என்னென்ன செய்து வைக்க வேண்டும்? மாடியில் கொஞ்சம் தொட்டிச் செடிகளும் வைத்திருக்கிறேன்.

பதில்: அரிசி இருந்தது, தண்ணீர்தான் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். மழை கொட்டும் அந்த ஒரு நாளை எப்படியோ சமாளித்து விடுகிறோம். அதற்கு அப்புறம் தெருவில் தண்ணீர் வடியாமல், கரண்ட் வராமல், லாரியும் கேன்காரரும் உள்ளே வர முடியாமல் கழியும் மூன்று நான்கு நாட்கள்தான் ஆளைப் படுத்துகின்றன. அதனால் தயாரிப்பு முழுவதையும் அந்த நாட்களை மனதில் வைத்தே செய்யுங்கள். நல்ல தண்ணீர் முதலில், கரண்ட் அடுத்து, மருந்து அதற்கப்புறம். சாப்பாடு கடைசியில் வந்தால் போதும்.

காலக்கணக்கை ஒருமுறை பார்த்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆனால் சென்னையைப் புரட்டிப்போட்டவை டிசம்பரில் வந்தவை: 2015-இல் டிசம்பர் 1, 2 தேதிகளில் பெய்த மழை, 2016 டிசம்பர் 12-இல் வர்தா, 2023 டிசம்பர் 3, 4-இல் மிக்ஜாம். தீபாவளிக்கு நாலு தூறல் போட்டு நின்றதும் இந்த வருஷம் அவ்வளவுதான் என்று கேன்களைக் காலி செய்துவிடாதீர்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது இந்த ஊருக்கு அப்படியே பொருந்தும். மார்கழி பிறக்கும்வரை வீடு தயார் நிலையிலேயே இருக்கட்டும்.

இனி சம்ப். உங்கள் வீட்டில் கெட்டது இங்கேதான் தொடங்கியிருக்கும். தெருவில் தண்ணீர் ஏறும்போது சாக்கடைத் தண்ணீரும் அதோடு கலந்துதான் ஏறுகிறது. சம்ப்பின் மூடி தரையோடு தரையாக இருந்தால் அது நேராக உள்ளே இறங்கிவிடும். மூடியை மட்டும் பார்த்தால் போதாது. மோட்டார் பைப் இறங்கும் ஓட்டை, ஓவர்ஃப்ளோ பைப், மெட்ரோ வாட்டர் உள்ளே வரும் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி, சுவரில் ஓடும் மயிரிழை விரிசல், இத்தனை வழிகள் உண்டு. ஒரு வெயில் நாளில் சம்ப்பைக் கழுவும்போது ஓனரையும் கூப்பிட்டு, டார்ச் அடித்து உள்சுவரைப் பாருங்கள். எங்காவது பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தால், வெளியிலிருந்து நீர் கசியும் இடம் அதுதான். அதை வாட்டர்புரூஃப் சிமெண்ட்டால் பூசச் சொல்லுங்கள். வாயைச் சுற்றிச் செங்கல் வைத்து ஒன்றரை அடி உயர்த்திவிட்டால் இன்னும் நல்லது. செலவு ஓனருடையது என்றாலும் இந்தத் தண்ணீரைத்தான் அவரும் குடிக்கிறார், ஒத்துக்கொள்வார்.

மழைக்காலத்தில் சம்ப்பைக் காலியாக விடாதீர்கள். மழையில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறும். அப்போது காலியான சம்ப்புக்குள் எல்லாப் பக்கமிருந்தும் நீர் கசிந்து வரும். நிறைந்திருந்தால் உள்ளிருக்கும் தண்ணீரே எதிர்த்து அழுத்தும்.

இதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: எச்சரிக்கை வந்த அன்றே மாடித் தொட்டியை வழிய வழிய நிரப்புங்கள். அப்புறம் தெருத் தண்ணீர் காம்பவுண்டுக்குள் வந்துவிட்டால் சம்ப்பைச் சோதிக்காமல் மோட்டாரைப் போடவே கூடாது. சம்ப் கெட்டாலும் மாடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது. கரண்ட் வந்த சந்தோஷத்தில் யாராவது மோட்டாரைத் தட்டிவிட்டால் அதுவும் சாக்கடையாகிவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள். மேல்வீட்டிலும் சொல்லி வையுங்கள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது மெட்ரோ வாட்டர் வரும் வால்வையும் மூடுங்கள். பைப்பில் அழுத்தம் குறைந்த நேரத்தில் வெளி அழுக்கை உள்ளே இழுக்கும்.

1,000 லிட்டரை நான்கு பேர் ஐந்து நாள் வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர். தாராளம். ஆனால் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் ஒரே இரவில் தொட்டி காலியாகிவிடும். அந்த ஒழுகலை இப்போதே சரிசெய்யுங்கள். மழை நாட்களில் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடி வைத்து, காலையும் மாலையும் திறந்து பக்கெட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 5 லிட்டர் என்று வைத்தால் ஐந்து நாளுக்கு 100 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஐந்து. அதைத் தனியாக வாங்கிப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஆர்ஓ இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். கரண்ட் இல்லாமல் அது ஓடாது.

சம்ப்பில் வெள்ளம் புகுந்துவிட்டால், உள்ளே இருப்பதை வெளியே இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பிய பிறகுதான் பிளீச்சிங் பவுடர். நேராகக் கொட்டுவதால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது. சாதாரண நாட்களில் 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும்; வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு மடங்காக 5 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் பவுடரைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, முக்கால் பக்கெட் வரை நீர் சேர்த்துக் கலக்குங்கள். பத்து நிமிஷம் அசைக்காமல் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விட்டுவிட்டுப் புழங்குங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பைச் சேர்த்தால் தண்ணீரின் கடினத்தன்மைதான் ஏறும். பவுடரைப் புதிதாக, சின்னப் பாக்கெட்டாக வாங்குங்கள். ஈரம் பட்ட பழைய பவுடரில் வீரியம் இருக்காது. குளோரின் போட்டிருந்தாலும் குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள். எண்ணெய் வாடையோ டீசல் வாடையோ அடித்தால் கொதிக்க வைத்தும் பயனில்லை, குளோரினும் உதவாது. அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

தரைத்தளத்தில் வாசலை மட்டும் அடைத்தால் போதாது. தெருவிலுள்ள சாக்கடைத் தொட்டியான சேம்பர் நிரம்பினால் கழிவுநீர் பாத்ரூம் ஜாலி வழியாகவும் கழிப்பறைக் கோப்பை வழியாகவும் பின்னோக்கி ஏறும். வீட்டுச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுவது) பொருத்தச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். அது முடியாவிட்டால் இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகளில் மணலை அடைத்துக் கட்டி வையுங்கள். தண்ணீர் குபுகுபுவென்று ஏறத் தொடங்கும்போது கோப்பையிலும் ஜாலி மீதும் அவற்றை அழுத்தி வைக்கலாம். முழுக்க நிற்காது. சாமான்களை மேலே ஏற்ற நேரம் கிடைக்கும்.

கரண்ட் விஷயத்தில் ஒரு சின்னக் கவனக்குறைவு உயிரை வாங்கிவிடும். வாசல்படியைத் தண்ணீர் தொடும்போதே, கால் உலர்ந்திருக்கும்போதே, மெயினை இறக்கிவிடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். மெயினை இறக்கிய பிறகும் சுவர் பிளக்குகளுக்கு இன்வெர்ட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலருக்கு இது தெரிவதில்லை. தண்ணீரில் நின்றுகொண்டுதான் மெயினைத் தொட வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் தொடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசித் தெரு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வடிந்ததும் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஃப்ரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ போட வேண்டாம். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை நிமிர்த்தியபடியே ஜன்னல் கம்பியோடு கட்டிவிடுங்கள். பாதி தீர்ந்த சிலிண்டர் தண்ணீரில் மிதந்து சாய்ந்துவிடும்.

மாமியாரின் இன்சுலின் பற்றிப் பயப்பட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பியோ பேனாவோ பெரும்பாலான வகைகளில் அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். எத்தனை நாள் என்பதை அட்டைப்பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிக்காத குப்பிகளுக்குத்தான் குளிர் தேவை. புயலுக்கு முன்னாளே நாலைந்து தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் உறைய வையுங்கள். கரண்ட் போனதும் அவற்றைக் கீழ்த்தட்டுக்கு மாற்றி, கதவைத் திறக்காமல் விடுங்கள். இன்சுலின் நேராகப் பனிக்கட்டியைத் தொடக் கூடாது. ஒரு முறை உறைந்துவிட்டால் அது வீண். ஈர மணலும் மண்பானையும் கோடையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அடைமழையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் பானை அவ்வளவாகக் குளிராது. புயல் நாட்களில் வெயில் இல்லாமல் வீடும் ஓரளவு தணிந்திருக்கும் என்பதால் நிழலான, உயரமான இடமே போதும். அளவு, நேரம் பற்றியெல்லாம் அவருடைய டாக்டரிடம் இப்போதே பேசி, பத்து நாளைக்கான மருந்தும் ஊசியும் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். அடுப்பு மூட்டவே முடியாத நிலைக்கு அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு. பால் கிடைக்காமல் ஊரே தவித்ததைப் பார்த்திருப்பீர்கள். பால் பவுடர் ஒரு பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை சோறு வடிக்க முடிந்தால் போதும் என்ற நிலைக்குப் புளிக்காய்ச்சல்தான் சரியான துணை. புளியைக் கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை சுண்டக் காய்ச்சுங்கள். உலர்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் எடுத்தால் புளிப்பும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து ஃப்ரிட்ஜ் இல்லாமலே கெடாமல் காக்கும். பருப்பையும் அரிசியையும் புரட்டாசி வெயிலில் ஒரு நாள் காயவைத்து ஆறவிட்டு, மேல்தட்டில் வையுங்கள். வசம்புத் துண்டு போட்டால் வண்டு அண்டாது.

ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 2015-இல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தாலே ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழும். அவ்வளவும் ஒரு பைப் வழியாக இறங்க வேண்டும். மாடி வடிகால் வாயில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, தங்காமல் போகிறதா என்று பாருங்கள். அந்தப் பைப் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகட்டும். கழிவுநீர்ச் சேம்பரோடு சேர்த்திருந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம் என்றாலும் பல வீடுகளில் குழியின் மணலும் ஜல்லியும் சேறு கட்டிக் கிடக்கின்றன. அவற்றை அள்ளிக் கழுவிப் போட அரை நாள் வேலை.

வெள்ளத் தண்ணீரில் நடக்க நேர்ந்தால், காலில் புண் இருக்கும் யாரும் இறங்க வேண்டாம், மாமியார் கண்டிப்பாகக் கூடாது. எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். தெருவில் தண்ணீர் வடியாவிட்டால் மாநகராட்சியின் 1913-க்குப் புகார் கொடுங்கள்.

செடிகளுக்கு வருவோம். புயல் எச்சரிக்கை வந்தால் கைப்பிடிச் சுவர் மேல் எதுவும் இருக்கக் கூடாது. தொட்டிகளைச் சுவரோரத்தில் நெருக்கி வைத்து, பந்தல் கொடிகளை அவிழ்த்துப் படுக்க வையுங்கள். நிழல் வலையைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். காற்று அதைப் பிடித்து இழுத்தால் கம்பியோடு பெயர்ந்து வரும். தட்டுகளில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். அடைமழையில் கீரை விதைத்தால் அழுகிப்போகும். மார்கழியில் வெயில் முகம் காட்டியதும் மண்ணைக் கிளறி, இரண்டு கை தொழு உரம் சேர்த்து, அரைக்கீரையும் முள்ளங்கியும் போடலாம்.