வலது கை செயலிழந்த பிறகும் கேமராவா?

பக்கவாதத்தால் வலது கை செயலிழந்துவிட்டது, கேமராவை விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்! ஷட்டர் பொத்தான் வலப்பக்கம் இருப்பதுதான் உங்களுக்கு முதல் தடை. முக்காலியில் கேமராவைப் பொருத்தி, ரிமோட்டை இடது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வைஃபை உள்ள கேமரா என்றால் பெரும்பாலும் கைப்பேசியிலிருந்தே ஷட்டரை இயக்கலாம். எடை குறைந்த கேமராவைத் தலைகீழாகப் பிடித்தால் பொத்தான் இடது கட்டைவிரலுக்கு எட்டும். படத்தைப் பிறகு திருப்பிக்கொள்ளலாம். கழுத்துப் பட்டையை மட்டும் மறக்க வேண்டாம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தானியங்கி (ஆட்டோ) அமைப்பில் விட்டால் ஒரு வேலை குறையும்.

ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே, வண்ணத்தாளைக் கத்தரித்து மகத்தான படைப்புகளைச் செய்தார். கருவியை மாற்றிக்கொள்வது தோல்வி அல்லவே!

உங்கள் கேமரா எந்த மாடல்? பொருந்தும் ரிமோட்டைத் தேடிச் சொல்கிறேன்.