விரை பெருத்த எலி: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: ஆண் சுண்டெலிக்கு உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிய விரை இருக்கிறதே, ஏதாவது நோயா?

நோயெல்லாம் இல்லை. பெண் எலி சினைப்பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்வது சகஜம். அப்போது ஆண்களின் சண்டை வெளியே முடிவதில்லை, அவளுடைய கருப்பைக்குள்ளும் தொடர்கிறது. இதற்கு விந்தணுப் போட்டி என்று பெயர். 1970-ல் ஜெஃப்ரி பார்க்கர் என்ற உயிரியலாளர் பூச்சிகளை வைத்து இதை முதலில் விளக்கினார். லாட்டரி மாதிரிதான்: அதிகச் சீட்டு வைத்திருப்பவருக்கு அதிக வாய்ப்பு. சீட்டு அச்சடிக்கும் இடம் விரை. ஒருவகை மூஞ்சூறில் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஆறு தகப்பன்கள் வரை இருந்திருக்கிறார்கள்!

கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகும்?

ஆஸ்திரேலியாவில் பூந்தேன் குடித்து வாழும் ஹனி போசம் என்ற குட்டி விலங்குக்கு, உடல் எடையில் சுமார் 4.2 சதவீதம் விரைதான். எழுபது கிலோ மனிதனுக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ மூன்று கிலோ. சரி, கற்பனை போதும்.

கேள்வி: இதில் பெண்ணுக்கு என்ன லாபம் சார்? அவளை ஏன் யாரும் கேட்பதே இல்லை?

நல்ல கேள்வி, ரொம்ப நாள் நாங்களும் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த விளக்கம் இது. ஆண் சுண்டெலிகள் முன்பின் தெரியாத குட்டிகளைக் கொன்றுவிடும். ஆனால் கூடிய ஆண், ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, அதாவது அவனுடைய குட்டிகள் பிறந்திருக்க வேண்டிய சமயத்தில், கொல்லாமல் விடுகிறான். நாலு பேரோடு சேர்ந்தவளின் கூட்டுக்கு நாலு எதிரிகள் குறைவு.

கேள்வி: விந்தணுக்கள் கைகோத்துக்கொண்டு நீந்துமாமே? கதையா, நிஜமா?

நிஜம். வட அமெரிக்க மான் எலியின் விந்தை நுண்ணோக்கியில் வைத்தால், தலையோடு தலை ஒட்டிய சின்னச் சின்னக் கொத்துகளாக நகர்வது தெரியும். தனி அணு வளைந்து வளைந்து போகும்; கொத்து நேராகப் போவதால் முந்திக்கொள்ளும். வியப்பு இதில் இல்லை. இரண்டு ஆண்களின் விந்தைக் கலந்து விட்டால், பெரும்பாலும் ஒரே ஆணின் அணுக்களே ஒன்றையொன்று தேடி ஒட்டுகின்றன. அண்ணன் தம்பியின் விந்தைக் கலந்தாலும் அப்படித்தான். ஹெய்டி ஃபிஷர், ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா என்ற ஆய்வாளர்கள் 2010-ல் இதைக் காட்டினார்கள். மான் எலிக்கு நெருங்கிய உறவான, ஒரே துணையோடு வாழும் இன்னோர் எலியின் அணுக்களும் கொத்தாகும். ஆனால் யாருடையது என்று பார்ப்பதில்லை. போட்டியாளனே இல்லாத இடத்தில் பார்த்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி: கூடிய பிறகு ஆண் எலி பெண்ணின் பிறப்புறுப்பை அடைத்துவிடுமாமே?

ஆமாம். ஆய்வகத்தில் காலையில் முதல் வேலை, பெண் எலியின் வாலைத் தூக்கி அந்த வெள்ளை அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். மெழுகுக் கட்டி போலிருக்கும். இருந்தால் இரவு கூடல் நடந்திருக்கிறது. ஆணின் ஒரு சுரப்பி தரும் புரதத்தை இன்னொரு சுரப்பியின் நொதி இறுக வைக்கிறது. ரத்தம் உறைவதற்கு ஒப்பான வேலை. ஆனால் பூட்டு என்று நம்பிவிடாதீர்கள். அடுத்து வரும் ஆண் எலி பலமுறை முயன்று அதைப் பெயர்த்தெடுப்பதும் உண்டு.

கேள்வி: போட்டியே இல்லாவிட்டால்?

முடியில்லாத நேக்கட் மோல் ராட்டைப் பாருங்கள். கூட்டத்தில் குட்டி போடும் ஒரே பெண்ணான ராணியோடு சேர்வது ஓரிரு ஆண்கள்தான். விந்தணுவில் நூற்றுக்கு ஏழெட்டுதான் நகரும், அதுவும் மெதுவாக.

கேள்வி: இதற்காக உயிரையே விடும் விலங்கு உண்டா?

ஆண்டெக்கைனஸ். ஆஸ்திரேலியாவின் எலி போன்ற பைப்பாலூட்டி. கூடற்பருவம் வருவதற்குள் விரை சுருங்கி, புது விந்தணு உற்பத்தியே நின்றுவிடும். சேமித்ததுதான் கையிருப்பு, அதிலும் கொஞ்சம் சிறுநீரோடு போய்க்கொண்டே இருக்கும். ஒரு கூடல் பன்னிரண்டு மணி நேரம்கூட நீளும். அழுத்த ஹார்மோன் ஏறி, எதிர்ப்புச் சக்தி சரிந்து, உள்ளே ரத்தம் கசிந்து, சில வாரங்களில் எல்லா ஆண்களும் இறந்துவிடும், ஒரு வயதுகூட நிறையாமல். குட்டிகள் பிறக்கும்போது காட்டில் அந்த இனத்தின் வளர்ந்த ஆண் ஒன்றுகூட இருக்காது.