பாப் கிப்சன்: கூடைப்பந்தாட்டக்காரர் பிட்சரான கதை – கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் கூடைப்பந்து ஆடி, பிறகு தொழில்முறை பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்) ஆனவர்கள் பலர் இருக்கிறார்களே. ஏன் எப்போதும் பாப் கிப்சன் பெயரையே சொல்கிறார்கள்?

பட்டங்களை மட்டும் எண்ணினால் ஜீன் கான்லியைத்தான் சொல்ல வேண்டும். 1957-ல் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியோடு வேர்ல்ட் சீரிஸ் (பேஸ்பாலின் இறுதித் தொடர்), பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு மூன்று என்.பி.ஏ. (தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பட்டங்கள். இரண்டையும் வென்றவர் அவர் ஒருவர்தான். மார்க் ஹெண்ட்ரிக்சன் என்.பி.ஏ.விலும் மேஜர் லீக் பேஸ்பாலிலும் ஆடினார். சாண்டி கூஃபாக்ஸ்கூட சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கூடைப்பந்து ஆடியவர்.

கிப்சன் இரண்டிலும் ஆழமாக இறங்கியவர். கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 20.2 புள்ளிகள். பேஸ்பாலில் 1959 முதல் 1975 வரை 17 சீசன், எல்லாம் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கே. 251 வெற்றி, 3,117 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது), எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காத ஷட்அவுட் ஆட்டங்கள் 56. கல்லூரிக் கூடைப்பந்திலும் பிட்சர் நின்று வீசும் மேட்டிலும் சேர்த்து இந்த அளவுக்கு உயர்ந்த இன்னொருவர் இல்லை என்பதே என் கருத்து.

கேள்வி: அவருக்குக் கூடைப்பந்து உதவித்தொகை கிடைத்ததாகப் படித்தேன். பிறகு எப்படி பேஸ்பாலுக்குப் போனார்?

1935-ல் நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ், நிமோனியா என்று ஒன்று மாற்றி ஒன்று. அண்ணன் ஜோஷ்தான் பயிற்சியாளர் போல நின்று வளர்த்தார். பள்ளி முடித்ததும் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக்கு இடம் கேட்டபோது, கறுப்பின வீரர்களுக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். சொந்த ஊர் கிரைட்டன் இடம் கொடுத்தது.

1957-ல் கார்டினல்ஸ் ஒப்பந்தம். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவர் ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் என்ற காட்சிப் போட்டி அணியோடு ஊர் ஊராகக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். பின்பக்கமாகக் கையைத் திருப்பிப் போடும் டங்க் (எகிறிப் பந்தைக் கூடைக்குள் மேலிருந்து திணிப்பது) அவருடைய அடையாளம். அதன் பிறகு முழுநேரமும் பேஸ்பால்தான்.

முதல் ஆண்டுகள் சரியாக அமையவில்லை. மேலாளர் சாலி ஹெமஸ் அவரை நம்பவில்லை. தொடர்ந்து ஆட்டம் கொடுக்கவில்லை. 1961 ஜூலையில் ஜானி கீன் பொறுப்பேற்றார். ஓமஹாவில் மைனர் லீக் நாட்களிலேயே கிப்சனைப் பார்த்தவர் அவர். வந்ததும் முறையாக ஆட்டங்களைத் தொடங்கும் பிட்சர்களின் சுற்றில் சேர்த்தார். கிப்சனின் வாழ்க்கையில் ஒரே ஒரு திருப்பத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: கூடைப்பந்து அவருடைய பிட்சிங்குக்கு உண்மையிலேயே உதவியதா, இல்லை சும்மா சொல்கிறார்களா?

ஸ்லைடரை (வேகமாக வந்து கடைசியில் பக்கவாட்டில் வளையும் பந்து) கூடைப்பந்து கற்றுத் தராது. அது தந்தது கால் பலமும், காற்றில் உடலைத் திருப்பும் லாகவமும். பந்தை வீசி முடித்த அடுத்த நொடியில் அவரைப் பாருங்கள், புரியும்.

வலக்கை பிட்சர், இடக்காலை ஊன்றிப் பந்தை விடுகிறார். கிப்சனுக்கு அந்த வேகத்தில் வலக்கால் குறுக்கே வீசி விழும்; உடல் முழுவதும் முதல் பேஸ் பக்கம் சாயும். இன்று ஒரு மாணவன் இப்படி முடித்தால் பயிற்சியாளர் திட்டுவார், அடித்த பந்து நேராக வந்தால் தடுக்க முடியாது என்பதால். அந்த நிலையிலிருந்து சமாளித்து எழுந்தே கிப்சன் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து ஒன்பது கோல்ட் குளோவ் (சிறந்த தடுப்பாட்டத்துக்கான) விருது வாங்கினார்.

1964 வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாங்கீஸுக்கு எதிராக 2-0 முன்னிலை, கடைசி இன்னிங்ஸ், பேஸில் மிக்கி மேன்டில். ஜோ பெப்பிடோன் அடித்த பந்து கிப்சனின் இடுப்பில் மோதி மூன்றாவது பேஸ் பக்கம் தெறித்தது. துரத்திப் பிடித்து, பின்னால் சாய்ந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தார், அவுட். கூடையைப் பார்க்காமல் விலகிக்கொண்டே ஷாட் போடும் அதே உடல்வாகு. அடுத்து வந்த டாம் டிரெஷ் ஹோம் ரன் அடித்தார். பெப்பிடோன் தப்பியிருந்தால் அது மூன்று ரன், ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். 2-2 என்று சமனானதால் பத்தாவது இன்னிங்ஸ் வந்தது, கேட்சர் டிம் மெக்கார்வரின் ஹோம் ரனில் கார்டினல்ஸ் வென்றது. இரண்டே நாள் ஓய்வில் ஏழாவது ஆட்டத்தையும் கிப்சனே முழுதாக வீசி முடித்தார்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, அமெரிக்காவில் படிக்கிறான். பள்ளியில் இரண்டும் ஆடுகிறான். ஒன்றை விட்டுவிடச் சொல்லலாமா சார்?

இந்த வயதில் விடச் சொல்லாதீர்கள். பிட்சரின் தோளுக்கும் முழங்கைக்கும் ஆண்டில் நீண்ட ஓய்வு வேண்டும். மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் இந்த வயதினருக்குச் சொல்வது: ஆண்டில் குறைந்தது 4 மாதம் போட்டிப் பிட்சிங் வேண்டாம், அதில் 2 முதல் 3 மாதம் தொடர்ச்சியாகத் தோளுக்கு மேல் கை தூக்கி எறிவதே கூடாது. கூடைப்பந்து சீசன் குளிர்காலத்தில் வருவதால் இந்த ஓய்வு தானாக அமையும். 17-18 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 105 பந்து. 81 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு.

ஆபத்து இரண்டு சீசனும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கடைசிக் கூடைப்பந்து ஆட்டம் முடிந்த வாரமே முழு வேகத்தில் வீசுவார்கள். உடல் தயாராக இருக்கும், கை தயாராக இருக்காது. குறுகிய தூரத்தில் மெதுவாகத் தொடங்கி, வாரக்கணக்கில் தூரத்தைக் கூட்டி, பிறகு மேட்டில் ஏறி வேகப்பந்து மட்டும், கடைசியாகத்தான் வளையும் பந்துகள். இன்னொன்று, கூடைப்பந்தில் விரல் நுனியில் பந்து மோதி மூட்டு வீங்குவது சாதாரணம். எறியும் கையின் ஆள்காட்டி, நடுவிரலில் அப்படி ஆனால், வலி முழுவதும் போகும்வரை பிட்சிங் வேண்டாம். பிடியை மாற்றிக்கொண்டு வீசுவான்; அந்தப் பளு முழங்கையில் இறங்கும்.

கேள்வி: 1968-ல் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் கொடுத்த சராசரி ரன்) 1.12 என்கிறார்கள். அதை எப்படிக் கணக்கிடுவது?

பிட்சர் பொறுப்பில் வந்த ரன்களை 9-ஆல் பெருக்கி, வீசிய இன்னிங்ஸால் வகுக்க வேண்டும். தடுப்பாளர் பிழையால் வந்த ரன் சேராது. கிப்சனுக்கு 38 ரன். 38 × 9 = 342. இன்னிங்ஸ் 304.2. பலர் தவறுவது இங்கேதான்: அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 304 இன்னிங்ஸும் மேலும் 2 அவுட்டும் என்று பொருள், அதாவது 304⅔. 342-ஐ அதனால் வகுத்தால் 1.12. இவ்வளவு பெரிய எண்ணில் வித்தியாசம் தெரியாது, 5.2 இன்னிங்ஸ் வீசியவருக்குக் கணக்குப் போட்டால் நன்றாகவே இடிக்கும்.

அந்த ஆண்டு கார்டினல்ஸ் ஆடும் நேஷனல் லீகின் மொத்தச் சராசரி 2.99. மேஜர் லீகின் மறுபாதியான அமெரிக்கன் லீகில் முதலிடம் பிடித்த லூயிஸ் டியாண்ட் 1.60. பிட்சர்களுக்கு வசதியான ஆண்டுதான், அதிலும் இவர் தனியாக நிற்கிறார்.

கேள்வி: அப்படி வீசியும் 9 ஆட்டம் தோற்றாரே?

அணி ரன் எடுக்கவில்லை. செப்டம்பர் 17 அன்று ஒரே ஒரு ரன் கொடுத்தார், ரான் ஹன்ட் அடித்த ஹோம் ரன். எதிர்முனையில் கேலார்ட் பெர்ரி ஒரு ஹிட்கூடத் தராமல் வீசினார். 1-0 தோல்வி. 22 வெற்றி, 9 தோல்வி என்ற கணக்கைப் பார்த்து அந்த சீசனை மதிப்பிடாதீர்கள். தொடங்கிய 34 ஆட்டங்களில் 28-ஐ அவரே முடித்தார், 13 ஷட்அவுட். ஜூனில் தொடர்ச்சியாக ஐந்து. முடிக்காத ஆறிலும் அவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க ஒரு பேட்டரை அனுப்பவே வெளியே வந்தார். இன்னிங்ஸ் நடுவில் ஒருமுறைகூட அவரை மேட்டிலிருந்து இறக்கவில்லை.

கேள்வி: மேட்டின் உயரத்தைக் குறைத்தது அவரால்தானா?

அவரும் ஒரு காரணம். அதே ஆண்டு டென்னி மெக்லெயின் 31 வெற்றி பெற்றார்; அமெரிக்கன் லீக் பேட்டிங் பட்டத்தை வெறும் .301 சராசரியோடு கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி வாங்கினார். 1969-ல் மேடு 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலம் ஆனது, ஸ்ட்ரைக் எல்லையும் (ஸ்ட்ரைக் ஆகப் பந்து கடக்க வேண்டிய பகுதி) சுருங்கியது. அதற்குப் பிறகும் கிப்சன் 1969-ல் 20 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.18; 1970-ல் 23 வெற்றி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டாவது முறையாக. மேடுதான் அவரை உயர்த்தியது என்பவர்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகளே பதில்.

கேள்வி: ஸ்லைடர் வீசும்போது எனக்குப் பந்து வளையாமல் உருண்டு நடுவில் வந்து நிற்கிறது. என்ன தவறு?

பெரும்பாலும் மணிக்கட்டைத் திருகுகிறீர்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, பந்தின் மையத்திலிருந்து சற்று வெளிப்பக்கம் இருக்கட்டும். அழுத்தம் நடுவிரல் ஓரத்தில். வேகப்பந்துக்கு எப்படிக் கையை வீசுவீர்களோ அதே வேகம், மணிக்கட்டு விறைப்பாக. திருகினால் சுழற்சி பெரிதாகவும் மெதுவாகவும் ஆகிவிடும், முழங்கையும் கெடும். கிப்சனின் ஸ்லைடர் தொந்தரவு தந்ததற்குக் காரணம், கடைசி நொடிவரை அது வேகப்பந்து போலவே தெரிந்ததுதான்.

கேள்வி: கால் முறிந்த பிறகும் வீசினாராமே?

உண்மை. 1967 ஜூலை 15, ராபர்டோ கிளெமென்டே அடித்த பந்து வலக்காலில் பட்டது. மேலும் மூன்று பேட்டர்களுக்கு வீசிய பிறகுதான் எலும்பு முறிந்து விழுந்தார். செப்டம்பரில் திரும்பி, அக்டோபரில் பாஸ்டனுக்கு எதிராக மூன்று ஆட்டங்களை முழுதாக வீசி மூன்றையும் வென்றார்; 27 இன்னிங்ஸில் 3 ரன்.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்கலாம் என்றால் எது?

1968 அக்டோபர் 2, வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டம், டெட்ராய்ட் டைகர்ஸுக்கு எதிராக. 17 ஸ்ட்ரைக்அவுட், இன்றும் சாதனை. ஒன்பதாவது இன்னிங்ஸை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அல் கேலைன் அவுட்டானதும் கூஃபாக்ஸின் பழைய சாதனையான 15 ஸ்ட்ரைக்அவுட் சமனாகிறது. ஸ்கோர்போர்டில் அறிவிப்பு, அரங்கமே எழுகிறது. மெக்கார்வர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு பலகையைக் காட்டுகிறார். பந்தைக் கொடு என்று கிப்சன் அதட்டுகிறார். அடுத்து நார்ம் கேஷ், பிறகு வில்லி ஹார்ட்டன். ஹார்ட்டனுக்கு வந்த கடைசி ஸ்லைடர் உடம்பை நோக்கி வருவதுபோல் கிளம்பி உள்ளே திரும்புகிறது. அவர் மட்டையை அசைக்காமல் பின்வாங்குகிறார். நடுவர் கையை உயர்த்துகிறார்.