உதவி கேட்டு மெயில் அனுப்பினால் பதிலே வருவதில்லை. 'பொருள்' வரியில் என்ன எழுத வேண்டும்?

'உதவி தேவை' என்று போட்டு நாலு பேருக்கு அனுப்பினேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை என்கிறீர்கள். அப்படி வரும் மெயில்களைத் திறக்காமல் விடுகிற ஆள் நான். அதனால் காரணம் தெரியும்.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள். கப்பல் பட்டியலில் ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். ஊர்ப்பெயர் மட்டும் எழுதியவர் காதில் விழுந்தபடி இருக்கும். அது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க, எனக்குத் தமிழ் தெரியும் என்பதால், அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எனக்கு எழுதுகிறார்கள். எழுதுவது இங்கிலீஷில்தான்.

தலைப்பு பெரும்பாலும் 'என் தாத்தா'. யாருக்குத்தான் தாத்தா இல்லை? சிலர் 'மிக அவசரம்' என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தவர் விஷயத்தில் என்ன அவசரமோ! 'கோவிந்தசாமியைத் தேடுகிறேன்' என்பதும் உதவாது, பட்டியல் முழுக்க கோவிந்தசாமிகள்.

ஒருமுறை இப்படி வந்தது: '1889, வட ஆற்காடு, போளூர் தாலுகா: கிராமப் பெயர் புரியவில்லை'. டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டேன். காலம், இடம், எங்கே முட்டி நிற்கிறது என்ற மூன்றும் அதிலேயே இருந்தன. இன்றைய திருவண்ணாமலை மாவட்ட வரைபடத்தை எடுக்க வேண்டும் என்று மெயிலைப் படிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. ஆண்டையும் ஊரையும் முதலில் போடுங்கள். கைபேசியில் முதல் நாலைந்து சொல்தான் தெரியும். இன்னொன்று, பழைய மெயிலுக்கு 'ரிப்ளை' போட்டு வேறு விஷயம் கேட்காதீர்கள். பாட்டி ஊரைப் பற்றிய கேள்வியை தாத்தா தலைப்பின் கீழ் நான் எங்கே போய்த் தேட?

இவ்வளவு பேசுகிற நானே தமிழ்நாட்டு அலுவலகம் ஒன்றுக்கு 'ஒரு சிறு சந்தேகம்' என்று எழுதி மூன்று மாதம் காத்திருந்தவன்தான். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா போனில் சிரித்தார். "சந்தேகம்னு போட்டா எந்த செக்‌ஷனுக்குடா அனுப்புவான்?" என்று கேட்டு அவரே சொல்லச் சொல்ல எழுதினேன்: 'பொருள்: போளூர் வட்டம் – பழைய கிராமப் பெயர் – விவரம் கோருதல் – தொடர்பாக'.

இரண்டே வாரத்தில் பதில் வந்தது. அந்த விவரம் தங்களிடம் இல்லையாம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டுமாம்.